இருளும் சிரிப்பும்



வீரனைப் போற்றாத சமுதாயம் உலகில் இல்லை. ஊரைக் காத்தவன், குலத்துக்குத் தலைவன், கள்ளனாயிருந்தும் ஏழைக்கு இரங்கியவன் எனப் பல கோலங்களில் அவன் நமது கதைகளிலே உலவி வந்திருக்கின்றான். மூத்தம்மாமாரின் வாய்மொழியில் இருந்தவன் அச்சுக்கு வந்தான். அச்சிலிருந்து திரைக்குத் தாவினான். இன்று பிள்ளைகளின் கையடக்கத் தொலைபேசிக்குள்ளும் குடிபுகுந்து விட்டான். அவ்வாறு வந்தவர்களுள் இற்றைநாளில் பெருஞ் செல்வாக்குப் பெற்றிருப்பவர், 'சுப்பர் ஹீரோ' என்று நாம் வழங்கும் அதீத வீரர்.

இவர்களைப் பற்றிய திரைப்படங்கள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதிலே ரசிகர்களிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. இருண்ட உலகைக் காட்டி, வாழ்வின் கொடுமைகளை உள்ளவாறே உரைத்து, பார்ப்பவனைக் கலங்கச் செய்வதே சிறந்த படம் என்பது ஒரு சாராரின் கட்சி. மனிதன் வானிலே பறப்பதை நம்பச் சொல்லிவிட்டு யதார்த்தம் பேசுவது எதற்கு, சிரிக்கவும் வியக்கவும் வைத்து வீட்டுக்கு அனுப்பினாற் போதாதா என்பது மறுசாராரின் கட்சி. மாணவர்கள் இடைவேளையில் மல்லுக்கட்டும் சிறு விடயமாக இது தோன்றலாம். சற்று ஊன்றி நோக்கின், ஆற்றல் படைத்த ஒருவனிடம் நாம் எதை எதிர்பார்க்கின்றோம் என்ற பெரிய வினா இதனுள் அடங்கியிருப்பது புலப்படும். இன்றைய உரையில் அவ்வினாவையே எடுத்துக் கொள்வோம்.

முதலில் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1938 இல் ஜெரி சீகல், ஜோ சுஸ்டர் என்ற இரு இளைஞர்கள் படைத்த சுப்பர்மேன் அமெரிக்கச் சித்திரக்கதை இதழொன்றிலே தோன்றினான். அடுத்த ஆண்டில் பொப் கேன், பில் ஃபிங்கர் ஆகியோரின் பெட்மேன் வந்தான். முன்னவன் பகலுக்குரியவன், வெட்டவெளியில் பறப்பவன். பின்னவன் இரவுக்குரியவன், பெற்றோர் தன் கண்முன்னே சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்தில் உருவானவன். ஆகவே ஒளியும் இருளும் இக்கலையுடன் கூடவே பிறந்த இரட்டைப் பிள்ளைகள் எனலாம்.

அந்தப் பெட்மேனின் கதையையே தொடர்ந்து பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். 1954 இல், சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்ற கூக்குரல் அமெரிக்காவில் எழுந்தது. ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற உளமருத்துவரின் நூல் அதற்குத் தூபமிட்டது. பதிப்பாளர்கள் தாமே கூடி ஒரு கட்டுப்பாட்டு விதிக்கோவையை வகுத்துக் கொண்டனர். வீரர்கள் சாதுவானார்கள். 1966 இல் தொலைக்காட்சியில் வந்த பெட்மேன் தொடர், அடி விழும் ஓசையைக்கூட எழுத்தாகத் திரையிலே தெறிக்கவிட்டுச் சிரிக்க வைத்தது. இருபது ஆண்டுகள் கழிந்து 1986 இல், முதுமையும் கசப்பும் நிறைந்த ஒரு பெட்மேனை ஃபிராங் மில்லர் படைத்தார். அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கிய அலன் மூர், டேவ் கிபன்ஸ் ஆகியோரின் 'வொட்ச்மென்', முகமூடியணிந்து நீதி வழங்கப் புறப்படுகின்றவனின் உள்ளக் கோணல்களை ஈவிரக்கமின்றி அம்பலப்படுத்தியது. 1989 இல் டிம் பேர்ட்டனின் திரைப்படம் இருளைத் தொடர்ந்தது. 1997 இல் ஜோயல் சூமேக்கர் எடுத்த படம் வண்ணங்களையும் கேலியையும் அள்ளித் தெளித்து விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. பின்னர் கிறிஸ்டோபர் நோலன் 2005 இலும் 2008 இலும் எடுத்த படங்கள் மீண்டும் இருளுக்குள் சென்றன. இவற்றுள் இரண்டாவதான 'த டார்க் நைட்' நூறு கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. அதே 2008 இல் வெளியான 'அயன்மேன்' சிரிப்பையும் துடுக்குப் பேச்சையும் நம்பி வெற்றி கண்டது.

சுப்பர்மேனுக்கும் இதே கதைதான். 1978 இல் புன்முறுவலோடு பறந்தவன், 2013 இல் முகம் இறுகி வந்தான். 2025 இல் ஒளிபெற்றுத் தன் நாயையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஒரு வண்ணத்தில் மக்கள் சலித்துப் போகும்போது மறுவண்ணம் புதிதாகத் தெரிகின்றது, அவ்வளவே. எனவே எந்த வண்ணம் சிறந்தது என்று கேட்பது, பகல் சிறந்ததா இரவு சிறந்ததா என்று கேட்பதற்கு ஒப்பானது. வேறு ஓர் அளவுகோல் நமக்குத் தேவைப்படுகின்றது.

அந்த அளவுகோலைத் தேட நாம் வெளியே போகவேண்டிய அவசியமில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கின்றார். வீரத்தை அவர் பெருமிதம் என்ற பெயரால் வழங்குவது நோக்கத்தக்கது. அப்பெருமிதம் எவற்றிலிருந்து பிறக்கும் என்பதற்கு அவர் நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றார்: கல்வி, தறுகண், இசைமை, கொடை. தறுகண் என்பது அஞ்சாமை. நான்கில் ஒன்று மாத்திரமே அது. கற்றுத் தெளிந்த அறிவும், பழிக்கு நாணிப் புகழைப் பேணும் பண்பும், பிறர்க்கு ஈயும் மனமும் சேர்ந்தபோதே பெருமிதம் நிறைவு பெறுகின்றது. அடிக்கத் தெரிந்தவனெல்லாம் வீரனல்லன் என்பது இதன் பொருள். நகைக்கும் அவர் நான்கு களன்கள் வகுத்தார். அவற்றுள் முதலாவது எள்ளல். ஒருவரை ஒருவர் எள்ளி நகையாடுவது மனித இயல்பு. அரசனாயினும் அதற்கு விலக்கல்லன்.

வீரமும் நகையும் ஒன்றுக்கொன்று பகை என்று நமது புலவர்கள் கருதவுமில்லை. கலிங்கத்துப்பரணியை எடுத்துக் கொள்ளுங்கள். முதலாம் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமானின் தலைமையில் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடினார். பிணக்குவியலும் இரத்த ஆறும் நிறைந்த களம் அது. அதைவிட இருண்ட காட்சி வேறில்லை. ஆனால் அந்தக் களத்திலேயே பசியால் வாடிய பேய்கள் அடுப்பு மூட்டிக் கூழ் சமைக்கின்றன. குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் கூன் பேயும் பந்திக்கு வருகின்றன. வாசகன் அஞ்சுகின்றான்; அஞ்சியவாறே சிரிக்கின்றான். போரின் கொடூரத்தை மறைக்க அந்தச் சிரிப்பு வரவில்லை. வென்றவர் புகழையும் மாண்டவர் உடலையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டவே அது உதவுகின்றது.

கூத்துமரபும் இதையே சொல்லும். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதித் தமிழ்க் கிராமங்களிலே வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்துகள் ஆடப்பட்டு வந்துள்ளன. வடமோடி பெரும்பாலும் போரையும் வீரத்தையும் பொருளாகக் கொள்வது. தென்மோடி பெரும்பாலும் காதலையும் மங்கல முடிவையும் நாடுவது. 1960 களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இக்கூத்துகளைப் புதுமெருகோடு மேடையேற்றியபோது உலகம் இவற்றைத் திரும்பிப் பார்த்தது. ஊர்மக்கள் இரண்டையும் ஆடினார்கள். இரண்டையும் விடிய விடிய இருந்து பார்த்தார்கள். ஒன்று இருக்க மற்றது ஒழிய வேண்டும் என்று எவரும் வழக்காடவில்லை. தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலோ அரசனின் பக்கத்திலேயே கட்டியங்காரன் நிற்பான். அரசனை வாழ்த்தி அறிமுகஞ் செய்பவனும் அவனே. அவ்வரசனின் வீறாப்பை நையாண்டி செய்து சபையைச் சிரிக்க வைப்பவனும் அவனே. ஆற்றல் மிக்கவனின் அருகே, அவனைக் கேள்வி கேட்கும் உரிமையோடு ஒருவன் நிற்க வேண்டும் என்பதை நமது கலை அன்றே உணர்ந்திருந்தது.

முஸ்லிம் ஊர்களின் சிலம்படியையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். கம்பெடுத்தவன் எவ்வளவு வல்லவனாயினும், களத்தில் இறங்கியதும் முதலிற் செய்வது சலாவரிசை வைப்பது. அண்ணாவியாருக்கும் சபைக்கும் தான் கட்டுப்பட்டவன் என்று அறிவித்த பின்னரே அவன் கம்பைச் சுழற்றுவான். ஆற்றலுக்கு முன்னே பணிவு என்ற ஒழுங்கு அது.

இனி, 'யதார்த்தம்' என்ற சொல்லுக்கு வருவோம். இருட்டில் படம் எடுத்தால் அது யதார்த்தம், வெளிச்சத்தில் எடுத்தால் கற்பனை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. நகரத்தின் இருண்ட மூலையை மெத்தையிலிருந்து பார்க்கின்றவர்களுக்கு அது புதுமையாக இருக்கலாம். கிழக்கிலங்கை மக்களுக்கு இருளை யாரும் படம்பிடித்துக் காட்ட வேண்டியதில்லை. யுத்தம் நடந்த ஆண்டுகளிலே சுற்றிவளைப்பு என்றால் என்ன என்பதை இப்பிரதேசம் அறியும். வரிசையில் நிறுத்தப்பட்ட மனிதரின் முன்னே, முகத்தை மறைத்த ஒருவன் அமர்ந்திருப்பான். அவன் தலையசைத்தால் ஓர் உயிரின் கதி மாறிவிடும். 'தலையாட்டி' என்று மக்கள் அவனுக்குப் பெயரிட்டார்கள். முகமூடி என்ற சொல் அமெரிக்கச் சிறுவனுக்கு வீரத்தின் அடையாளம். நமது முதியோருக்கு அது வேறொன்றின் அடையாளம்.

பின்னர் 2011 ஓகஸ்ட் மாதத்தில் கிழக்கு மாகாணத்திலும் நாட்டின் வேறு பகுதிகளிலும் 'கிறீஸ் மனிதன்', 'மர்ம மனிதன்' என்ற பீதி பரவியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசியவன், மதிலுக்கு மதில் தாவுகின்றவன், சப்பாத்திலே விசை பூட்டியவன், கையிலே இரும்பு நகம் தரித்தவன் என்றெல்லாம் கதைகள் உலாவின. பெண்கள் அந்தியானதும் கதவைத் தாழிட்டார்கள். இளைஞர்கள் பொல்லும் கையுமாக இரவிரவாக விழித்திருந்தார்கள். சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். பாய்தல், மறைதல், முகந் தெரியாதிருத்தல், இரும்பு நகம் ஆகிய அனைத்தும் அதீத வீரனின் இலக்கணங்களே. அதே இலக்கணங்கள், அவன் யாருக்குப் பொறுப்புச் சொல்பவன் என்பது தெரியாதபோது, ஊரையே நடுங்க வைக்கும் பயங்கரமாகி விடுகின்றன. வீரனுக்கும் பூதத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு உடையிலும் இல்லை, விசையிலும் இல்லை. அவன் கணக்குச் சொல்ல வேண்டியவனா, இல்லையா என்பதிலேதான் இருக்கின்றது.

இதுவே நாம் தேடிய அளவுகோல். இதனை வைத்துச் சில படங்களை நோக்குவோம்.

2005 இல் சங்கரின் இயக்கத்தில், விக்ரம் நடித்து வெளிவந்த 'அந்நியன்' பெருவெற்றி பெற்றது. சட்டத்தை மதிக்கும் சாதுவான ஒருவனுக்குள்ளே இன்னொரு ஆளுமை ஒளிந்திருந்து, குற்றம் புரிந்தவர்களுக்குக் கருடபுராணம் கூறும் நரகத் தண்டனைகளை வழங்குகின்றது. புகையிரதத்தில் கெட்ட உணவு விற்றவன் கொதிக்கும் எண்ணெய்க்குள் போடப்படுகின்றான். விபத்தில் அடிபட்டவனை ஏற்றிச் செல்ல மறுத்தவனை எருமைக் கூட்டம் மிதிக்கின்றது. குற்றங்கள் உண்மையானவை, அன்றாடம் நம்மை எரிச்சலூட்டுபவை. ஆனால் கெட்ட உணவுக்கு மரணதண்டனையா? கொட்டகையில் கைதட்டியபோது அந்தக் கேள்வி எத்தனை பேருக்கு எழுந்தது? தொல்காப்பியரின் நான்கு களன்களிலே தறுகண் மாத்திரமே இங்கு மிஞ்சுகின்றது. படத்திலே சிரிப்புக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் தண்டனை தருகின்றவனைப் பார்த்துச் சிரிக்க எவருக்கும் அனுமதியில்லை.

இதனோடு 'த டார்க் நைட்' படத்தை ஒப்பிடுங்கள். அதுவும் இருண்ட படமே. அதில் பெட்மேன் நகரமக்கள் அனைவரது தொலைபேசிகளையும் வேவு பார்க்கும் ஒரு கருவியை உருவாக்குகின்றான். அவனுடைய நண்பரே, இது தவறு என்று முகத்துக்கு நேரே கூறுகின்றார். அக்கருவியைக் கையாளும் அதிகாரம் அந்நண்பரிடமே ஒப்படைக்கப்படுகின்றது; காரியம் முடிந்ததும் கருவி அழிக்கப்படுகின்றது. முடிவிலே வேறொருவன் செய்த கொலைகளின் பழியையும் தன்மேல் ஏற்று, நாய்கள் துரத்த அவன் ஓடுகின்றான். இங்கே இருள் வெறும் அலங்காரமன்று. ஆற்றலுக்கு விலை உண்டு என்பதை அது உணர்த்துகின்றது.

இரு முகாம்களும் இவ்வுண்மையை உணர்ந்தமைக்கு 2016 ஆம் ஆண்டு நல்ல சான்று. அவ்வாண்டில் வெளிவந்த 'பெட்மேன் எதிர் சுப்பர்மேன்' இருளின் பக்கத்தது. 'கப்டன் அமெரிக்கா: சிவில் வோர்' சிரிப்பின் பக்கத்தது. முன்னையது, 2013 இன் படத்திலே வீரர்கள் வானில் மோதியபோது இடிந்த கட்டடங்களைத் தரையிலிருந்து பார்க்கின்ற காட்சியோடு கதையைத் தொடங்குகின்றது. பின்னையது, அதீத வீரர்களை உலக நாடுகளின் கண்காணிப்பிலே வைக்க வேண்டுமா என்ற விவாதத்தை நடுப்பொருளாக்குகின்றது. வண்ணம் வேறு, வினா ஒன்றுதான்.

நமது மொழிக்கு வருவோம். 1954 இல் வெளியான 'மலைக்கள்ளன்', நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் நாவலைத் தழுவியது. இலங்கையிலே பிறந்த எம்.ஜி.ஆர். அதில் மலைவாழ் கள்ளனாகவும், அப்துல் ரஹீம் என்ற செல்வந்த வணிகராகவும் வேடமிட்டு உலவினார். பகலில் ஒரு பெயர், இரவில் மறுபெயர் என்ற இரட்டை வாழ்வு தமிழ்த்திரைக்கு அன்றே பழகியிருந்தது. 1972 இல் சிவகாசியில் தொடங்கிய முத்து கொமிக்ஸ், இங்கிலாந்துச் சித்திரக்கதையொன்றை 'இரும்புக்கை மாயாவி'யாகத் தமிழ்ப்படுத்தியது. மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் மறையும். இரும்புக் கை மாத்திரம் தெரியும். அவன் தொடக்கத்திலேயே நல்லவனாக வரவில்லை. மறையும் ஆற்றல் கிடைத்ததும் முதலில் தீய வழியிலேயே சென்றான், பின்னரே திருந்தினான். யாரும் பார்க்காதபோது மனிதன் என்ன செய்வான் என்ற பாடத்தை அச்சிறு புத்தகம் சிறுவர்களுக்குச் சொல்லாமற் சொல்லியது.

2012 இல் மிஸ்கின் இயக்கிய 'முகமூடி' தமிழில் முழுமையான அதீத வீரன் படத்தை எடுக்கச் செய்த துணிச்சலான முயற்சி. இரவும் மழையும் தற்காப்புக் கலையும் கலந்த கனத்த படம் அது. எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. 2023 இல் மடோன் அஸ்வினின் 'மாவீரன்' வந்தது. பத்திரிகைக்குச் சித்திரக்கதை வரையும் பயந்தாங்கொள்ளி ஒருவன். சேரியிலிருந்து பெயர்த்து அடுக்குமாடியிலே குடியேற்றப்பட்ட குடும்பம். தொட்டால் உதிரும் சுவர், பிடித்தால் கையோடு வரும் கைபிடி. அவனுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கின்றது. அது அவனை வீரன் என்று வர்ணித்து அநீதிக்கெதிரே தள்ளிக்கொண்டு போகின்றது. நாம் வயிறு குலுங்கச் சிரிக்கின்றோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுவரின் விரிசலும் நம் கண்ணிற் படுகின்றது. ஏழைக்குக் கட்டிய வீட்டிலே நடந்த ஊழலை எந்த இருண்ட படமும் இதைவிட யதார்த்தமாகக் காட்டியதில்லை. அப்படத்தின் தீய அமைச்சராக நடித்தவர், 'முகமூடி'யை இயக்கிய அதே மிஸ்கின் என்பது சுவையான பொருத்தம்.

மலையாளத்தில் 2021 இல் பேசில் ஜோசப் இயக்கிய 'மின்னல் முரளி' இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. கேரளக் கிராமமொன்றிலே ஒரே இரவில் இருவரை மின்னல் தாக்குகின்றது. ஒருவன் தையற்காரன், டொவினோ தொமஸ் அவனாக நடித்தார். மற்றவன் தேநீர்க்கடை ஊழியன். தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் அப்பாத்திரத்தை ஏற்றார். இருவருக்கும் ஒரே ஆற்றல். முன்னவனைக் காணும்போதெல்லாம் ஊர் சிரிக்கின்றது, அவனும் சிரிக்கின்றான். பின்னவனை ஊர் பைத்தியமென்று ஒதுக்கி வைக்கின்றது. அவன் நேசித்த ஒரே பெண்ணையும் ஊராரின் வெறி பலிகொள்கின்றது. பின்னர் அவன் ஊரை எரிக்கப் புறப்படுகின்றான். ஒரே படத்துள் சிரிப்பும் இருளும் இருக்கின்றன. ஒன்று மற்றதை விளக்குகின்றது. ஊரோடு சேர்ந்து சிரிக்க முடிந்தவன் காவலனானான். ஊர் சேர்த்துக்கொள்ளாதவன் எதிரியானான். எதிரியைப் படைத்ததில் ஊருக்கும் பங்குண்டு என்பதை இவ்வளவு மென்மையாகச் சொன்ன படங்கள் குறைவு.

சிரிப்பின் பக்கத்திலும் குறை உண்டு என்பதை மறைக்கலாகாது. ஒருவர் இறந்த காட்சி கண்ணிலிருந்து அகலுமுன்னே ஒரு பகடி; நகரமே இடிந்து கிடக்க அதன் நடுவில் நின்று ஒரு துடுக்குப் பேச்சு. இவ்வகைச் சிரிப்பு துயரத்தைப் பொருளற்றதாக்கி விடுகின்றது. செயங்கொண்டாரின் பேய்கள் சிரிக்க வைத்தபோதும் பிணத்தைப் பிணமாகவே காட்டின. இவர்களோ பிணத்தையே காட்டாமற் சிரிக்கின்றார்கள். மேலும், சிரிப்புப் படம் என்பதால் அது சிறுவருக்கேற்றது என்றும் எண்ணிவிடக் கூடாது. 2016 இல் வந்த 'டெட்பூல்' முழுக்க முழுக்கக் கேலிதான்; இரத்தமும் ஆபாசமும் நிறைந்து வளர்ந்தோருக்கெனவே எடுக்கப்பட்டது. பெற்றோர் இதனைக் கருத்திற்கொள்வது நல்லது.

அப்படியாயின் இருளா சிரிப்பா என்று கேட்டால், எனது சாய்வு சிரிப்பின் பக்கமே. இலேசான பொழுதுபோக்கு என்பதற்காக அன்று. தன்னைப் பார்த்துப் பிறர் சிரிக்க இடங்கொடுக்கும் வீரன், தன்னைப் பார்த்துப் பிறர் கேள்வி கேட்கவும் இடங்கொடுப்பான் என்பதற்காக. சிரிக்கக் கூடாத தலைவனிடம் கணக்கும் கேட்க முடியாது என்பதை நமது நாடு பல தடவை கண்டிருக்கின்றது. இருண்ட படமாயினும், வீரனின் முன்னே நின்று 'இது தவறு' என்று சொல்ல ஒருவருக்கு இடம் வைத்திருந்தால் அதனையும் வரவேற்போம். கட்டியங்காரனின் வேலையை அவர் செய்து விடுகின்றார்.

பிள்ளைகள் இப்படங்களைப் பார்ப்பதை நாம் தடுத்துவிட முடியாது; தடுக்க வேண்டியதுமில்லை. படம் முடிந்த பின்னர் அவர்களோடு அமர்ந்து கதைப்பது நம்மால் முடியும். அந்தச் சண்டையிலே இடிந்த வீடு யாருடையது? அவன் அடித்தது சரியான ஆளைத்தான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பிழை செய்தால் யாரிடம் போய் முறையிடுவது? இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளைக்குத் திரைக்கு வெளியே ஒருவன் 'நானே உங்கள் காவலன்' என்று மார்தட்டிக்கொண்டு வரும்போதும் அவற்றைக் கேட்கும். முகமூடியைக் கண்டு மயங்காமல், அதற்குள்ளே இருக்கும் முகத்தைப் பார்க்க அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.